ரிவால்வரில் தேய்மானம் எது, கோளாறு எது?

இந்த அத்தியாயம் முறையான லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு மட்டும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நகைக்கடை நடத்துபவர், பிரிக்ஃபீல்ட்ஸில் அடகுக்கடை வைத்திருப்பவர், காவல் பணியில் இருந்து ஓய்வு பெற்றபின் லைசென்ஸ் பெற்றவர், துப்பாக்கி சுடும் சங்கத்தின் உறுப்பினர் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இவர்களில் பலரிடம் இருப்பது குட்டைக் குழல் கொண்ட, ஐந்து அல்லது ஆறு தோட்டா பிடிக்கும் .38 ரிவால்வர். ஆண்டுக்கு ஒரு முறைகூடச் சுடாமல் பெட்டகத்திலும் இடுப்பிலுமே அதன் காலம் கழிகிறது. அதனால் சுட்டுத் தேய்வதைவிட, வியர்வையிலும் ஈரத்திலும் தவறான பராமரிப்பிலும் கெடுவதுதான் அதிகம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிவால்வரில் தெரியும் கோடு, வெளுப்பு, கறை போன்ற அடையாளங்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. கவனிக்க வேண்டியது ஆட்டத்தைத்தான். எந்தப் பாகம் எங்கே, எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டம் பற்றி இரண்டு வரி. லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தால் ரிவால்வரைத் தொட வேண்டியவரும் நீங்கள்தான். மகனிடமோ கடைப் பையனிடமோ துடைக்கக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் சுடும் ஆயுதம் வைத்திருப்பவர் மீது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், அதைவிடக் கடுமையான 1971ஆம் ஆண்டுச் சுடும் ஆயுதங்கள் சட்டமும் பாயும். பின்னதில் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

கையில் எடுக்கும் முன்

கீழே வரும் ஒவ்வொரு சோதனைக்கும் இதே வரிசைதான். நேற்றுதான் காலி செய்தேன் என்ற நினைப்பில் எந்தப் படியையும் தாண்டாதீர்கள்.

1. அறையில் நீங்கள் மட்டும் இருங்கள். கதவைச் சாத்தி, கைப்பேசியை அணைத்துவிடுங்கள்.
2. குழல் முனை நோக்க ஓர் இடத்தைத் தீர்மானியுங்கள். பழைய கடைவீடுகளின் பலகைத் தடுப்பும் ஜிப்சம் சுவரும் .38 குண்டைத் தடுக்காது. மணல் நிரப்பிய வாளி ஒன்றை வைத்துக்கொண்டு அதையே நோக்கிப் பிடியுங்கள்.
3. விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். சிலிண்டரைத் திறந்து, குழலை மேல் நோக்கி நிமிர்த்தி, எஜெக்டர் தண்டை அழுத்தி எல்லாத் தோட்டாக்களையும் வெளியே எடுங்கள்.
4. அறைகளைக் கண்ணால் எண்ணுங்கள். பிறகு சுண்டு விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.
5. தோட்டாக்களையும் எண்ணுங்கள். ஐந்து போட்டிருந்தால் ஐந்தும் மேசையில் இருக்க வேண்டும்.
6. தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். சோதனை நடக்கும் மேசையில் ஓர் உண்மைத் தோட்டாகூட இருக்கக் கூடாது.

குறிப்பு: விசையை இழுத்துப் பார்க்கும் சோதனைகளுக்குப் போலித் தோட்டா தேவை. நல்ல போலித் தோட்டா கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும். அடிப்பாகத்தில் ரப்பரோ சுருள் கம்பியோ இருக்கும். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் வாங்கி, ரசீதை லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள். சுட்ட தோட்டாவின் கூட்டையே போலியாகப் பயன்படுத்தும் பழக்கம் வேண்டாம். பார்வைக்கு உண்மைத் தோட்டாபோலவே இருக்கும். என்றாவது ஒரு நாள் இரண்டும் கலந்துவிடும்.

உங்களிடம் இருப்பது எது?

சோதனையின் முடிவு ரிவால்வரின் வகையைப் பொறுத்து மாறும் என்பதால் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ஐந்து தோட்டா 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' 1950இல் வந்தது. 1957 முதல் அதற்கு மாடல் 36 என்று எண் இட்டார்கள். சிலிண்டரைத் திறந்து, சிலிண்டரைத் தாங்கும் கை, ரிவால்வரின் உடலான சட்டத்தில் படியும் இடத்தைப் பார்த்தால் மாடல் எண் குத்தியிருக்கும். கோல்ட் நிறுவனத்தின் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' 1927இல் வந்தது. அது ஆறு தோட்டா பிடிக்கும். ஸ்மித்தில் பூட்டுக் குமிழை முன்னே தள்ளினால் சிலிண்டர் திறக்கும், கோல்ட்டில் பின்னே இழுக்க வேண்டும். பின்னிருந்து பார்த்தால் ஸ்மித்தின் சிலிண்டர் இடப்பக்கமாகச் சுழலும். கோல்ட்டில் அது வலப்பக்கமாகச் சுழலும்.

ரிவால்வரின் சட்டம் எஃகா, அலுமினியக் கலவையா என்பதையும் பாருங்கள். கையில் எடுத்ததும் எடை காட்டிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். அது ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியக் கலவைதான்.

எச்சரிக்கை: அவசரகாலம் நடந்த 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் மலாயாவில் புழங்கிய பிரிட்டிஷ் வெப்லி, என்ஃபீல்டு .38 ரிவால்வர்கள் நடுவில் மடிந்து திறப்பவை. அவற்றின் தோட்டா வேறு. கூட்டின் நீளம் சுமார் 20 மி.மீ, உடலும் சற்றுப் பருமன். இன்றைய .38 ஸ்பெஷல் கூடு 29 மி.மீ. நீளம். பெயரில் .38 இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. போருக்குப் பின் நீளத் தோட்டா நுழைவதற்காக அறைகளைக் கடைந்துவிட்ட ரிவால்வர்களும் உண்டு. அவற்றில் சுட்டால் தோட்டாக் கூடு வயிறு புடைத்துப் பிளக்கலாம். அப்படி ஒன்று குடும்பச் சொத்தாக உங்களிடம் வந்திருந்தால் சுடவே வேண்டாம்.

பயப்பட வேண்டாத அடையாளங்கள்

சிலிண்டரைச் சுற்றி ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடு. ரிவால்வரை விற்க வருபவரும் வாங்க வருபவரும் முதலில் கை காட்டுவது இதைத்தான். சட்டத்தின் அடிப்பக்கத்திலிருந்து எழும் சிறிய பூட்டுப்பல் சிலிண்டர் சுழலும்போது உரசுவதால் வருவது இது. பயன்படும் ஸ்மித்தில் இந்தக் கோடு வராமல் இருப்பது அபூர்வம். கோட்டைப் பார்த்து ரிவால்வரைக் கழிக்காதீர்கள். பார்க்க வேண்டிய இடம், பூட்டுப்பல் விழும் குழியின் விளிம்பு. அந்த விளிம்பு நசுங்கி, விரல் நகத்தில் இடறும்படி பிசிறு எழுந்திருந்தால் யாரோ சிலிண்டரை முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கிறார்கள்.

குழல் முனையிலும் சட்டத்தின் விளிம்புகளிலும் நீலப் பூச்சு வெளுத்திருப்பது உறையில் போட்டு எடுத்ததன் அடையாளம். இயக்கத்துக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. ஆனால் பூச்சு போன இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும் என்பதால் துடைக்கும்போது அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

சிலிண்டரின் முன்முகத்தில் ஒவ்வொரு அறையைச் சுற்றியும் கருவளையம் இருக்கும். சுட்டதன் கரி அது. ஸ்டெயின்லெஸ் ரிவால்வரில் அந்த வளையம் கண்ணை உறுத்தும். தேய்த்து எடுக்கத் தோன்றும். அதற்காக உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். தேய்க்கத் தேய்க்கச் சிலிண்டர் முகம் குறைந்து, குழலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடும். கறையை எடுக்கப் போய் உண்மையான தேய்மானத்தை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

குழலும் சிலிண்டரும் சந்திக்கும் இடத்துக்கு மேலே, சட்டத்தின் மேல்பட்டையின் உட்பக்கத்தில் மெல்லிய வெட்டுக்கோடு ஒன்று தெரியலாம். அந்த இடைவெளியில் பீறிடும் சூடான வாயு அறுத்த கோடு. .38 ஸ்பெஷலில் அது ஓரளவுக்கு வந்து நின்றுவிடும்.

பழைய ஸ்மித் ரிவால்வர்களில் சுத்தியின் முகத்திலேயே, தோட்டாவை அடிக்கும் ஊசி பொருத்தியிருக்கும். அதைத் தொட்டால் கொஞ்சம் மேலும் கீழும் அசையும். அது கழன்றுவிட்டதென்று நினைத்துப் பதறுபவர் உண்டு. அசைய வேண்டும் என்றே அப்படிப் பொருத்தியிருக்கிறார்கள். ஊசியின் நுனி உருண்டையாக, வழவழப்பாக இருந்தால் போதும். நுனி உடைந்தோ குழிந்தோ இருந்தால் மட்டும் மாற்ற வேண்டும்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைகள்

வரிசை மாறாமல் செய்யுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைத்து, லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் பழைய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு முறை எடுத்த அளவைவிட, அது ஆண்டுக்காண்டு மாறுகிறதா என்பதுதான் அதிகம் சொல்லும்.

சோதனை ஒன்று: சிலிண்டர் நேரத்துக்குப் பூட்டுகிறதா?

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். சுத்தி விழுவதற்குள் சிலிண்டர் ஓர் அறை அளவு சுழன்று, குழலுக்கு நேரே நின்று, பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டு பிந்தினால் குண்டு குழலின் ஓரத்தில் மோதி ஈயத்தைச் சீவிக்கொண்டு போகும். சீவிய ஈயம் பக்கவாட்டில் தெறித்து, அருகில் நிற்பவரின் கண்ணைக்கூடத் தாக்கலாம்.

1. எல்லா அறைகளிலும் போலித் தோட்டா போடுங்கள். காலிச் சிலிண்டரில் எஜெக்டர் நட்சத்திரத் தகடு லேசாக அசையும். அதனால் நல்ல ரிவால்வரும் பிந்துவதாகக் காட்டும்.
2. சிலிண்டரைக் கையால் மூடி, மணல் வாளியை நோக்கிப் பிடியுங்கள்.
3. இடது கைக் கட்டைவிரலைச் சிலிண்டரின் பக்கத்தில் லேசாக வையுங்கள். அது சுழல்வதைத் தடுக்க வேண்டாம். சிறிய இழுவை இருந்தால் போதும்.
4. வலது கட்டைவிரலால் சுத்தியை மிக மெதுவாகப் பின்னே இழுங்கள். இரண்டு ஒலி கேட்க வேண்டும்: முதலில் பூட்டுப்பல் குழியில் விழும் 'டிக்', பிறகு சுத்தி முழுதாக நின்றுகொள்ளும் 'கிளிக்'. இரண்டும் ஒன்றாகவே கேட்டாலும் சரி.
5. சுத்தி நின்றபின் சிலிண்டரைச் சுழல வேண்டிய பக்கம் விரலால் சற்றே தள்ளுங்கள். அப்போதுதான் பூட்டுப்பல் விழுகிறது என்றால் அந்த அறை பிந்துகிறது.
6. கட்டைவிரலால் சுத்தியைப் பிடித்தபடி விசையை இழுத்து, சுத்தியை மெல்ல முன்னே விடுங்கள். அடுத்த அறைக்குப் போங்கள்.

எல்லா அறைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நான்கு சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவது சாதாரணமாக நடக்கும். எது பிந்துகிறது என்று தெரிய, சிலிண்டரில் மார்க்கர் பேனாவால் எண் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். சுத்தி வெளியே தெரியாத மாடல்களில் விசையை மட்டுமே மிக மெதுவாக இழுத்து இதே சோதனையைச் செய்யலாம். ஆனால் காது கூர்மையாக இருக்க வேண்டும்.

சோதனை இரண்டு: பூட்டிய நிலையில் ஆட்டம்

போலித் தோட்டாவோடு விசையை முழுதாக இழுத்து, விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையால் சிலிண்டரை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஸ்மித்தில் மயிரிழை ஆட்டம் இயல்பு. பழைய கோல்ட்டின் அமைப்பு வேறு. விசை இழுபட்டிருக்கும்போது சிலிண்டரை உள்ளிருந்து ஒரு விரல் அழுத்திப் பிடித்திருக்கும். ஆட்டமே இருக்கக் கூடாது. ஸ்மித்தில் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஆட்டம் கோல்ட்டில் இருந்தால் அது தேய்ந்துவிட்டது என்று பொருள்.

சோதனை மூன்று: முன்பின் ஆட்டமும் இடைவெளியும்

இதற்கு மோட்டார் பட்டறையில் டேப்பெட் வைக்கும் ஃபீலர் கேஜ் போதும். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

1. சிலிண்டரை மூடி, அதைப் பின்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையே எந்தத் தகடு இறுக்கமில்லாமல் நுழைகிறது என்று பாருங்கள். எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.
2. இப்போது சிலிண்டரை முன்னே தள்ளிப் பிடித்து மறுபடி அளவெடுங்கள்.
3. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அதுதான் முன்பின் ஆட்டம்.

இடைவெளி 0.10 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 0.30ஐத் தாண்டினால் பட்டறையில் காட்டுங்கள். முன்பின் ஆட்டம் 0.08 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆட்டம் கூடினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் சிலிண்டர் முன்னும் பின்னும் மோதி, தேய்மானத்தை இன்னும் வேகப்படுத்தும். அளவெடுக்கும் முன் சிலிண்டர் முகத்தின் கரியைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரியின் கனத்தையும் சேர்த்து அளந்துகொண்டிருப்பீர்கள்.

சோதனை நான்கு: சுத்தி தானாக விழுகிறதா?

போலித் தோட்டாவோடு சுத்தியை முழுதாக இழுத்து நிறுத்துங்கள். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். கட்டைவிரலால் சுத்தியின் பின்புறத்தை மிதமாக முன்னே தள்ளுங்கள். அசையக் கூடாது. விசையைத் தொடாமல் சுத்தி விழுந்துவிட்டால் உள்ளே பிடிப்பு தேய்ந்திருக்கிறது, அல்லது விசையை இலகுவாக்க யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். அன்றே அந்த ரிவால்வரைப் பயன்பாட்டிலிருந்து நீக்குங்கள்.

சோதனை ஐந்து: ஊசி உள்ளே நிற்கிறதா?

சிலிண்டரைத் திறந்து வைத்து, சட்டத்தின் பின்சுவரில் ஊசி வரும் துளையைப் பாருங்கள். நுனி வெளியே தெரியக் கூடாது. சுத்தியைக் கட்டைவிரலால் முன்னே அழுத்திப் பாருங்கள். அப்போதும் தெரியக் கூடாது. தெரிந்தால் ரிவால்வர் கீழே விழும்போது வெடிக்கும் அபாயம் உண்டு.

மீதி இரண்டு சோதனைகளையும் கண்ணாலேயே செய்துவிடலாம். சிலிண்டரைத் திறந்து மெல்லச் சுழற்றுங்கள். எஜெக்டர் தண்டின் நுனி ஒரே இடத்தில் நின்று சுழல வேண்டும். வட்டம் போட்டால் தண்டு வளைந்திருக்கிறது. அலுமினியக் கலவைச் சட்டமாக இருந்தால், குழல் சட்டத்துக்குள் திருகி நிற்கும் இடத்தின் அடியில், சிலிண்டரைத் திறந்தால் தெரியும் மெல்லிய பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் வரும் இடம் அதுதான். கோடா விரிசலா என்று சந்தேகம் வந்தால் ஒரு துளி எண்ணெய் விட்டுத் துடையுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் கொஞ்ச நேரத்தில் கோடாகக் கசிந்து வெளியே வரும். விரிசல் விட்ட சட்டத்தைச் சரிசெய்ய முடியாது.

இடையில் ஒரு பொய்க் கோளாறு: சிலிண்டர் திடீரென இறுகி, விசை கனமாகிவிட்டது என்றால் உடனே பெரிய செலவை நினைக்க வேண்டாம். நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் இரண்டு மூன்று சிக்கியிருந்தாலே இப்படி ஆகும். எஜெக்டர் தண்டை அழுத்திப் பிடித்து, உலர்ந்த பல்துலக்கியால் தகட்டின் அடியைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்த முறை சுட்ட கூடுகளைக் கொட்டும்போது குழலை வானம் நோக்கி நிமிர்த்திக் கொட்டினால் துகள் அங்கே போகாது. எஜெக்டர் தண்டு திருகு தளர்ந்து நீண்டிருந்தாலும் சிலிண்டர் திறக்காது, சுழலாது. அதை இடுக்கியால் திருகாதீர்கள். பழைய ஸ்மித்தில் திருகு வலப்பக்கம், பின்னால் வந்தவற்றில் இடப்பக்கம். பக்கம் தவறினால் தண்டு கெட்டுவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரம்

வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் 'சுட்டபின் சுத்தம் செய்' என்று எழுதும். நம் ஊருக்கு அது போதாது. இங்கே ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. சாயங்கால மழை வேறு. போர்ட் கிள்ளான் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்காற்றின் உப்பும் சேரும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஏசி போட்ட நகைக்கடைக்குள் நாள் முழுதும் இருந்த ரிவால்வர் குளிர்ந்திருக்கும். அதோடு இரவு வெளியே வந்தால் வெப்பக் காற்று பட்டதும் உலோகம் வியர்க்கும். மூக்குக் கண்ணாடி மங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. உறைக்குள் குழல் நனைவது தெரிவதில்லை. அந்த ஈரத்தோடு பெட்டகத்தில் வைத்துப் பூட்டினால் குழலுக்குள்ளும் சிலிண்டர் குழிகளிலும் துரு பிடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை:

1. காலி செய்து, சிலிண்டரைத் திறந்தபடி, உங்கள் கண் எதிரிலேயே 20 நிமிடம் வையுங்கள். உலோகம் அறையின் வெப்பநிலைக்கு வரட்டும்.
2. உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். உடம்பை ஒட்டி இருந்த பக்கத்தை இரண்டு முறை துடையுங்கள்.
3. எண்ணெய் தொட்ட துணியால் மேற்பூச்சு மட்டும் கொடுங்கள். கையில் எடுத்தால் வழுக்காத அளவுக்கு மெலிதாக இருக்க வேண்டும்.
4. உறையிலிருந்து நீக்கி வையுங்கள். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் இருக்கும். ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோலுறையோடு ரிவால்வரைப் பெட்டகத்தில் வைப்பது துருவுக்குப் பாய் விரிப்பது.
5. பெட்டகத்தில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறியதும் பொட்டலத்தில் எழுதியிருக்கும் முறைப்படி உலர்த்துங்கள், அல்லது மாற்றுங்கள்.

மரக் கைப்பிடியின் அடியில்தான் வியர்வை தேங்கும். மாதம் ஒரு முறை அந்த ஒற்றைத் திருகைக் கழற்றிப் பாருங்கள். திருகின் வெட்டில் அச்சாகப் பொருந்தும் திருப்புளியே வேண்டும். கூம்பிய நுனி கொண்ட வீட்டுத் திருப்புளி திருகின் தலையைச் சிதைத்துவிடும். கைப்பிடியைத் தவிர வேறு எந்தத் திருகையும் தொடாதீர்கள். உள்பாகங்களை மூடும் பக்கத்தகடு இருக்கிறதே, அதைத் திருப்புளி கொடுத்து நெம்பினால் ஒருமுறை வளைந்தது வளைந்ததுதான்.

நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

ஆயுத பூஜை அன்று கடையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். ரிவால்வருக்கும் வைத்துவிட்டு, அழிக்கக் கூடாது என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஈரச் சந்தனம் காய்வதற்குள் அதன் அடியில் துரு தொடங்கிவிடும். நீலப் பூச்சில் பொட்டு வடிவில் பழுப்புக் குழி நிரந்தரமாக நிற்கும். பொட்டைப் பெட்டிக்கு வையுங்கள். ரிவால்வரைக் காலி செய்து உள்ளே வைத்துப் பூட்டிய பெட்டிக்கு மட்டும்.

புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்குக்கு நல்லவை. ரிவால்வரில் பட்டால் துருவோடு நீலப் பூச்சையும் அரித்துவிடும். அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷும் அப்படித்தான். நிக்கல் முலாம் பூசியதில் அது முலாமின் அடியில் புகுந்து செதில் செதிலாக உரிக்கும். லேசான மேல் துருவுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மிக மென்மையான வெண்கலக் கம்பிப் பஞ்சால் எண்ணெயோடு மெல்லத் தேயுங்கள். விரல் நகம் விழும் அளவுக்குக் குழி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் ஊசிப்போய்க் கெடும். துருவைக் கழற்றும் ஸ்பிரே ஈரத்தை விரட்டும். ஆனால் நீண்ட காலக் காவலுக்கு உதவாது. தோட்டாவின் அடியில் உள்ள பிரைமருக்குள் அது ஊடுருவினால் தோட்டா வெடிக்காமல் போகும். ஆயுத எண்ணெய் கிடைக்காத அவசரத்தில் நல்ல தையல் மெஷின் எண்ணெய் உயவுக்குப் போதும்.

சினிமாவில் காட்டுவதுபோல் மணிக்கட்டை ஆட்டிச் சிலிண்டரைப் படாரென்று மூடுவது, ரிவால்வருக்கு மனிதர் செய்யும் கெடுதல்களில் பெரியது. சிலிண்டரைத் தாங்கும் கை அந்த அடியில் வளையும். அதன்பின் எந்த அறையும் குழலுக்கு நேரே நிற்காது. இரண்டு கையாலும் மூடுங்கள்.

சுட்டபின் சுத்தம் செய்யும் வரிசை

1. குழலை முனைப்பக்கமிருந்துதான் சுத்தம் செய்ய முடியும். தண்டு குழல் முனையின் விளிம்பில் உரசாமல் நடுவில் போகட்டும். அந்த விளிம்பு கெட்டால் குறி தவறும்.
2. சுத்தம் செய்யும் திரவத்தில் நனைத்த துணித்துண்டை ஒரு முறை ஓட்டி, பத்து நிமிடம் விடுங்கள்.
3. வெண்கலத் தூரிகையைக் குழலில் முழுதாக நுழைத்து முழுதாக வெளியே எடுங்கள். நடுவில் திசை மாற்றினால் தூரிகை சிக்கும். எஃகுத் தூரிகை எந்தக் காலத்திலும் வேண்டாம்.
4. ஒவ்வொரு அறையையும் அதே தூரிகையால் துலக்குங்கள். குழலின் பின்வாயில் ஈயம் படிந்திருக்கிறதா, விரிசல் உண்டா என்று பாருங்கள்.
5. உலர்ந்த துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை ஓட்டுங்கள்.
6. எண்ணெய் மூன்று இடத்தில் ஒவ்வொரு சொட்டு: சிலிண்டர் கையின் கீல், எஜெக்டர் தண்டு, சுத்தி சட்டத்துக்குள் நுழையும் இடம். சொட்டு பெரிதானால் தூசியோடு சேர்ந்து களியாகும்.
7. மறுபடி தோட்டா போடும் முன் அறைகளையும் குழலையும் உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெயை நீக்குங்கள்.
8. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயத் தூசி உள்ளே போகக் கூடாது. சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம்.

எப்போது நிறுத்துவது

ரிவால்வரின் உள்பாகத்தில் கை வைப்பது லைசென்ஸ் பெற்ற பட்டறையின் வேலை. தெரிந்த லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கைத்திறன் உள்ளவராக இருந்தாலும் அவரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்த உங்களுக்கும் வாங்கிய அவருக்கும் வழக்கு வரும். எடுத்துப் போவதற்கு முன், லைசென்ஸ் தந்த காவல் தலைமையகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ்காரருக்கு அது கோலாலம்பூர் காவல் தலைமையகம். கிள்ளான்காரருக்கு ஷா ஆலமில் உள்ள சிலாங்கூர் மாநிலத் தலைமையகம். கொண்டுபோகும்போது ரிவால்வர் காலியாக, பூட்டிய பெட்டியில், லைசென்ஸோடு இருக்கட்டும்.

வெளுத்த பூச்சுக்காகவும் சிலிண்டர் கோட்டுக்காகவும் பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஓர் அறையாவது பிந்தினால், விசையைத் தொடாமல் சுத்தி விழுந்தால், ஊசி நுனி துளையில் தெரிந்தால், சட்டத்திலோ குழலின் பின்வாயிலோ விரிசல் இருந்தால், அந்த ரிவால்வரில் இனி ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். காலி செய்து பூட்டிவைத்துவிட்டு, அடுத்த வேலை நாளிலேயே லைசென்ஸ் பெற்ற பட்டறையைத் தொடர்புகொள்ளுங்கள்.